தனியார் ஜெட் விமானியின் பதவி உயர்வு

அமெரிக்காவில் வாடகைக்கு இயங்கும் தனியார் ஜெட்டின் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக அமர்பவர், இடப்பக்க இருக்கைக்குரிய கேப்டனாக எப்போது உயர்வார் என்பதை அவருடைய திறமையோடு சட்டமும் நிறுவனத்தின் அமைப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பொதுவாக 250 மணி நேரம் பறந்தபின் கிடைக்கும் வணிக விமானி உரிமமும், வெளிக்காட்சி தெரியாதபோது கருவிகளைக் கொண்டே பறப்பதற்கான தகுதியும் துணை விமானிக்கு அடிப்படையாகும்; பயணிகளை ஏற்றும் வாடகை ஜெட்டின் கேப்டனுக்கோ, பொதுவாக 23 வயதும் 1,500 மணி நேர அனுபவமும் கோரும் ஏ.டி.பி. என்னும் உச்ச உரிமம் கட்டாயம். 2009இல் பஃபலோ நகருக்கருகே நேர்ந்த விபத்தையடுத்து, 2013 முதல் அட்டவணைப்படி இயங்கும் விமான நிறுவனங்களின் துணை விமானிகளும் இத்தகைய உரிமம் பெற வேண்டியதாயிற்று. ஆகவே அனுபவம் குறைந்த இளைஞர்களுக்கு வாடகை ஜெட் துறை முக்கிய நுழைவாயிலாக உள்ளது.

உரிமம் கிடைத்தவுடன் பதவி கிடைத்துவிடுவதில்லை. ஒவ்வொரு ஜெட் வகைக்கும் 'டைப் ரேட்டிங்' எனப்படும் தனித்தகுதி தேவைப்படுவதால், சிறிய சைட்டேஷன் ஜெட்டிலிருந்து பெரிய கல்ஃப்ஸ்ட்ரீமுக்கு மாறுபவர் சிமுலேட்டரில் மீண்டும் பயின்று தேர்வு பெற வேண்டும். ஒரு விமானத்தைப் பலர் பங்காக வாங்கிப் பயன்படுத்தும் முறையை 1986இல் தொடங்கிய நெட்ஜெட்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களில் பணிமூப்பு வரிசை முன்னேற்றத்தை நிர்ணயிக்கிறது. ஒரே விமானம் வைத்திருக்கும் நிறுவனத்திலோ, கேப்டன் விலகும்வரை இடம் காலியாவதில்லை.

விரைவான உயர்வு மட்டுமே நல்ல பணிக்கு அளவுகோலாகாது. ஓடுபாதை குறுகியதென்றோ வானிலை மோசமென்றோ தெரிந்தால், செல்வாக்குள்ள பயணி வற்புறுத்தினாலும் பறக்க மறுக்கும் உறுதி கேப்டனுக்கு வேண்டும். அந்த முதிர்ச்சியை வளர்க்கும் பயிற்சியுள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பதே இளம் விமானிக்கு நன்மை தரும்.