கையெழுத்துக்கு முன்னால்

“சிங்கப்பூர் சிட்டிசன் எடுத்துக்கிறேன். ஒத்து வரலைன்னா திரும்பி வந்துடலாம்தானே அண்ணே?” செலாயாங் மாமாக் கடைகளில் நம் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இது. இன்னொரு தே தாரேக் சொல்லிவிட்டு நிதானமாகப் பேச வேண்டிய விஷயம்.

மலேசியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, சிங்கப்பூரிலும் கிடையாது. அங்கே குடிமகனாக வேண்டுமென்றால் இங்கே இருப்பதைத் துறந்தாக வேண்டும். அதற்கான உறுதிமொழிதான் ‘கே’ பாரம். 21 வயது நிரம்பியவர் துறக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 23ஆவது விதி. அரசாங்கம் அதைப் பதிந்ததும் குடியுரிமை போய்விடும். திரும்பி வர நினைத்தால் 18ஆவது விதி குறுக்கே நிற்கும்: துறந்தவரை மத்திய அரசாங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் மறுபடி குடிமகனாகப் பதிய முடியாது. மனுப் போடலாம், கிடைத்தே தீர வேண்டும் என்று கேட்க முடியாது.

இப்படிப்பட்ட முடிவை ஆங்கிலத்தில் ரூபிகானைக் கடப்பது என்பார்கள். வட இத்தாலியில் ஓடும் சிறிய ஆறு அது. படையோடு அதைத் தாண்டி வரும் தளபதி ரோமாபுரிக்குத் துரோகி என்பது அன்றைய சட்டம். கி.மு. 49இல் ஜூலியஸ் சீசர் தாண்டினார். உள்நாட்டுப் போர் மூண்டது. கடைசியில் ரோமே அவர் கைக்கு வந்தது. எல்லாருக்கும் அக்கரை அப்படி அமைவதில்லை.

பினாங்கு, மலாக்காவில் வேர் உள்ள மலேசியர் சிலரிடம், காலனிக் காலத்தின் மிச்சமாக, ‘பிரிட்டிஷ் கடல்கடந்த குடிமகன்’ என்ற தகுதி இருந்தது. அதை நம்பி, பிரிட்டனில் குடியேறிவிடலாம் என்று மலேசியக் குடியுரிமையைத் துறந்தார்கள். அந்தத் தகுதிக்குக் கிடைக்கும் கடப்பிதழ் பிரிட்டனில் வாழும் உரிமையைத் தராது. வேறு நாடு இல்லாத இத்தகையோர் முழுக் குடிமகனாகப் பதிந்துகொள்ள 2002ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டது உண்மை. ஆனால் 2002 ஜூலை 4க்குப் பிறகு தாமாகத் துறந்தவர்களுக்கு அந்த வழி இல்லை. கையில் கடப்பிதழ் இருந்தும், உரிமையோடு வாழ ஒரு நாடு இல்லாமல் போனது.

போகாதே என்று நான் சொல்லவில்லை. நல்ல சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நியாயமான காரணங்களே. ஆனால் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு காலம் தள்ளி, குடிமகனுக்கான நீல ஐசிக்காகப் பதிவிலாகாவுக்கு நடையாய் நடந்தவர்கள் நம் சமூகத்தில் எத்தனையோ பேர். அந்த அருமை தெரிந்து முடிவெடுங்கள். போகும் நாட்டின் ஒப்புதல் எழுத்தில் வந்துவிட்டதா, அது அங்கே வாழும் உரிமையைத் தருகிறதா, மனைவி மக்களின் நிலை என்ன என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகே பேனாவை எடுங்கள்.