வீழ்ந்த இடம் வேறு, பிழை வேறு

கணினி திடீரென்று நின்றுபோனால், அதை மீண்டும் இயக்கிவிட்டு வேலையைத் தொடர்வதே நம்மிற் பலருக்கு வழக்கம். ஏன் நின்றது என்று கேட்பவர் சிலரே. அக்கேள்விக்கு விடை காணும் முறையைக் குறித்து இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இயங்குதளத்தின் உள் மையத்திற்குக் கெர்னல் என்று பெயர். நிரல்களுக்கெல்லாம் நினைவகத்தையும் நேரத்தையும் பங்கிட்டளிப்பது அதுவே. சாதாரண நிரலொன்று வரம்பு மீறினால், கெர்னல் அதை மட்டும் நிறுத்திவிடும். கெர்னலே வரம்பு மீறினால் தடுக்க மேலே எவரும் இலர். ஆகவே அது தன்னையே நிறுத்திக்கொள்கிறது. நிலைகுலைந்த பின்னும் ஓடி, வட்டிலுள்ள தகவல்களைக் கெடுப்பதைவிட நின்றுவிடுவது மேலன்றோ?

அவ்வேளையில் நினைவகத்தில் இருந்தவற்றைப் படியெடுத்து வைக்கும் கோப்பே 'கிராஷ் டம்ப்' எனப்படுவது. ஆனால் நிலைகுலைந்த கெர்னல் எழுதும் பதிவை எங்ஙனம் நம்புவது? லினக்ஸில் இதற்கோர் அழகிய ஏற்பாடு உண்டு. நினைவகத்தின் ஒரு பகுதியில் இரண்டாவது கெர்னல் ஒன்றை முன்னரே ஒதுக்கி வைத்திருப்பார்கள். முதலாவது வீழ்ந்ததும் இது எழுந்து, அதன் நினைவகத்தைப் படியெடுத்துக் கொள்ளும்.

அப்பதிவில் இரண்டு செய்திகளை முதலில் தேடுகிறோம். ஒன்று, எந்தக் கட்டளையில் கெர்னல் வீழ்ந்தது என்பது. மற்றொன்று, எந்தச் செயற்கூறு எதனை அழைத்து அவ்விடம் வந்து சேர்ந்தது என்னும் வரிசை.

ஓர் உதாரணம் கூறுகிறேன். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரௌட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலுக்கு வந்த ஒரு புதிய தரவுக் கோப்பினால், ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் வீழ்ந்தன. பதிவுகளை ஆராய்ந்தபோது, அந்நிரல் செல்லாத நினைவக முகவரி ஒன்றைப் படிக்க முயன்றது தெரிந்தது. படிக்குமுன், முகவரி வெறுமையானதா என்று அது சோதித்தும் இருந்தது! வெறுமையன்று என்பதால் மேலே சென்றது. ஆனால் வெறுமையல்லாத முகவரியெல்லாம் மெய்யான முகவரி ஆகிவிடுமா?

அந்த முகவரி எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிச் சென்றால்தான் காரணம் புலப்படும். புதிய கோப்பு 21ஆம் உள்ளீட்டை ஒப்பிடச் சொன்னது. நிரலோ 20 உள்ளீடுகளையே கொடுத்தது. இல்லாத ஒன்றைத் தேடி எல்லைக்கு அப்பால் கை நீண்டது. இப்பொருத்தமின்மை 2024 பிப்ரவரியிலேயே நிரலில் இடம் பெற்றுவிட்டது. முந்தைய கோப்புகள் 21ஆம் இடத்தில் எதுவாயினும் சரியென விட்டிருந்தமையால், அதுவரை வெளிப்படவில்லை.

மாணவ நண்பர்களே, வீழ்ந்த இடத்தைப் பதிவு காட்டிவிடும். பிழை பிறந்த இடத்திற்கு, 'இதனை இங்கே அனுப்பியது யார்?' என்று கேட்டுக் கேட்டு நாமே நடந்து செல்லவேண்டும்.