வெயில் இறுக்கும் தார்க் கூரை

2017 மே 8 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரிலும் சுற்றுப்புறங்களிலும் ஆலங்கட்டி மழை கொட்டியது. காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கில் சேதம் சுமார் 230 கோடி டாலர். கொலராடோ மாநிலம் அதுவரை அப்படியோர் ஆலங்கட்டி இழப்பைக் கண்டதில்லை. அடி வாங்கியவற்றில் கார்களோடு வீட்டுக் கூரைகளும் ஏராளம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகளை மூடியிருப்பது ஆஸ்பால்ட் ஷிங்கிள் எனப்படும் தார்த் தகடு. டொரன்டோவின் ஸ்கார்பரோவில் நம்மவர் வாழும் வீடுகள் பலவற்றின் மேலும் அதுதான். இத்தகைய மழைக்குப் பிறகு கூரை கெட்டதற்குக் காரணம் ஆலங்கட்டி என்றே எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் புயல் கொடுப்பது கடைசி அடி. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தத் தகட்டை உள்ளுக்குள் இறுக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்த இறுக்கத்தின் தொடக்கத்தைத் தொழிற்சாலையிலேயே காணலாம்.

1903-இல் மிச்சிகனின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் ஹென்றி ரெனால்ட்ஸ் என்ற கூரைத் தொழிலாளர், சுருளாக வந்த தார்க் கூரைத்தாளைச் சிறு துண்டுகளாக வெட்டத் தொடங்கினார்; ஷிங்கிள் பிறந்தது அப்படித்தான். இன்றைய ஷிங்கிளின் நடுவே கண்ணாடி இழைப் பாய் இருக்கிறது. அதன் இருபுறமும் தார்ப்பூச்சு. அந்தப் பூச்சின் எடையில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் தூள். மேற்பரப்பில் நிறமேற்றிச் சுட்ட பொடிக் கற்கள். சாலைக்கு ஊற்றும் தாரைச் சாய்வான கூரையில் பூச முடியாது. 50 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே அது இளகிவிடும், கோடையில் வெயில் படும் கருங்கூரையோ 70 டிகிரியைத் தொடும். அதனால் 250 டிகிரி வாக்கில் சூடாக்கிய தாருக்குள் மணிக்கணக்கில் காற்றை ஊதுகிறார்கள். ஆக்சிஜன் பட்டு, எண்ணெய்ப்பசை கொண்ட சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து கனமாகின்றன. இளகும் வெப்பநிலை 100 டிகிரிக்குப் பக்கத்தில் ஏறுகிறது. தார் வழியாமல் நிற்பது இந்த இறுக்கத்தால்தான். கூரைக்குப் போன பிறகும் தார் அதே திசையில்தான் நகர்கிறது. வேகம் மிகக் குறைவு, ஆனால் நிறுத்த ஆளில்லை. எண்ணெய்ப் பகுதி குறையக் குறைய, அஸ்ஃபால்டீன் என்னும் கனத்த பகுதி கூடுகிறது. மொட்டைமாடியில் கிடந்த பிளாஸ்டிக் வாளி ஒருநாள் விரல் பட்டதும் உடைவதுபோல, வளைந்துகொடுத்த தகடு நொறுங்கும் தகடாகிறது.

புறஊதாக் கதிர் இதை இன்னும் முடுக்கும், ஆனால் தாரின் மிக மெல்லிய மேல்தோலுக்குள்தான் அதனால் நுழைய முடியும். மேலே பதித்த பொடிக் கற்கள் அந்தத் தோலைக் காக்கின்றன. தார் இறுகியதும் கற்களின் பிடி தளர்கிறது. அவை உதிர்ந்த இடத்தில் கதிர் நேராகப் படுகிறது. அங்கே தார் இன்னும் விரைவாக இறுகுகிறது. மழைநீர்க் குழாயின் அடியில் பொடிக் கற்கள் குவிந்து கிடந்தால், கூரை முதுமையில் காலெடுத்து வைத்துவிட்டது என்று கொள்ளலாம்.

சாலையும் தார்தானே, அது தாங்கவில்லையா என்று கேட்கலாம். சாலையில் தார் கல்லோடு கலந்து பல சென்டிமீட்டர் கனத்தில் கிடக்கிறது. காற்றும் வெயிலும் அதன் மேற்பகுதியையே கடுமையாகத் தாக்குகின்றன. ஷிங்கிளின் கனம் சில மில்லிமீட்டர்தான். சாலையும் இதே இறுக்கத்தால் வெடிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. இன்னொரு கேள்வி கனமானது: வெப்பம்தான் காரணமென்றால், பனி கொட்டும் மினசோட்டாவில் கூரை ஏன் கெடுகிறது? குளிர் தாரைக் கிழடாக்குவதில்லை, கிழடானதைக் காட்டிக்கொடுக்கிறது. குளிரில் தார் சுருங்கும் அளவுக்குக் கண்ணாடி இழை சுருங்காது. புதிய தார் அந்த இழுவிசைக்கு இணங்கி நீளும், கோடைகள் பல கண்ட தார் விரிசல் விடும். அங்கும் கோடை உண்டு, வெயிலில் கூரை கொதிப்பதும் உண்டு.

பரண் காற்றோட்டம் சரியில்லாததால்தான் ஷிங்கிள் வேகிறது என்ற கருத்து கூரைத் தொழிலில் வேரூன்றியது. காற்றோட்டம் ஈரத்தை வெளியேற்றும், பனிக்காலத்தில் கூரை விளிம்பில் பனிக்கட்டி அணைகட்டுவதைக் குறைக்கும்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அளந்து பார்த்தவர்கள், ஷிங்கிளின் வெப்பத்தைக் காற்றோட்டம் சில டிகிரிகளே குறைக்கிறது என்றும், ஊரும் கூரையின் திசையும் நிறமுமே அதைவிடப் பெரிய வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்றும் கண்டார்கள். இதற்கு ஆய்வகம்கூட வேண்டாம். ஒரே வீட்டில், ஒரே பரணுக்கு மேல், ஒரே ஆட்கள் ஒரே நாளில் வேய்ந்த கூரையில், வடக்குச் சரிவைவிடத் தெற்குச் சரிவும் மேற்குச் சரிவும் முந்திக் கெடுவது வட அமெரிக்காவில் வழக்கம். பரணும் ஷிங்கிளும் வேலையும் ஒன்றாக இருக்க, மாறியது வெயில் மட்டுமே.

காற்றின் கதையும் இதுதான். ஒவ்வொரு ஷிங்கிளையும் கீழ்வரிசையோடு பிணைப்பது, வெயிலில் இளகி ஒட்டும் ஒரு பசைக்கோடு. ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கூரைகளைச் சோதித்தபோது, புயல் வருமுன்பே பல இடங்களில் அந்த ஒட்டு விட்டிருந்தது. அதுவும் கண்டபடி சிதறியிராமல், ஷிங்கிள்கள் பதித்த ஒழுங்கையே பின்பற்றியது. காற்றின் வேலையாக இருந்தால் இந்த ஒழுங்கு வராது. பகலில் விரிந்து இரவில் சுருங்கும் அன்றாட அசைவு ஒட்டை அறுத்தது என்பதே பொருத்தமான விளக்கம். காற்று பிறகு வந்து தூக்கிக்கொண்டு போனது.

இதை ஒப்புக்கொண்டால், '30 ஆண்டு ஷிங்கிள்' என்று ஊர் சொல்லாமல் விற்பதில் உள்ள குறை புலப்படும். வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸில் 30 ஆண்டும் மேகம் மூடும் சியாட்டிலில் 30 ஆண்டும் ஒன்றல்ல. ஆலங்கட்டிக்கான யுஎல் 2218 சோதனையில், உயர்ந்த தகுதியான நான்காம் வகுப்புக்கு, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை 6 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இருமுறை போடுவார்கள். பின்புறம் விரிசல் காணாவிட்டால் தேர்ச்சி. கடுமையான சோதனைதான், ஆனால் அடி வாங்குவது வெயில் காணாத புதுத் தகடு. எஸ்பிஎஸ் என்னும் ரப்பர் போன்ற பாலிமர் கலந்த தாரும், வெயிலைத் திருப்பியனுப்பும் வெளிர்நிறக் கற்களும் முதுமையைத் தள்ளிப்போடக்கூடும். எத்தனை ஆண்டுகள் என்பது, உண்மையான வெயிலில் கிடந்த தகடுகளை அடித்துப் பார்த்தால்தான் தெரியும். சவுத் கரோலைனாவின் ரிச்பர்க் ஊரில், காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் ஆய்வு நிலையம் அதற்காகவே சிறு கூரைகளை வேய்ந்து, 20 ஆண்டுகள் வரை காயட்டும் என்று திறந்தவெளியில் விட்டிருக்கிறது.