தொலைபேசி ஒலிகளின் பொருள்

சாயநூல் வந்துவிட்டதா என்று அறியச் சங்க அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைக்கிறோம். மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, எவரும் எடுப்பதில்லை. வேண்டுமென்றே எடுக்கவில்லை என்று எண்ணி மனத்தாங்கல் கொள்கிறோம். மஞ்சள் விலை கேட்க மண்டிக்குப் பேச முயலும் விவசாய அன்பர்களுக்கும் இவ்வனுபவம் உண்டு. இந்த மனத்தாங்கலுக்குப் பெரும்பாலும் காரணம், ஒலிகளின் பொருளை நாம் சரிவர உணராமையே.

நாம் கேட்கும் அந்த மணியோசை எதிர்முனையில் அடிக்கும் மணியன்று. தொலைபேசி நிலையம் நமக்கெனத் தனியே எழுப்பும் ஒலி அது. முற்காலத்தில் நிலையத்தில் இருந்த ஆபரேட்டர், லைன் காலியில்லை என்று வாயாலேயே சொல்லிவிடுவார். அமெரிக்காவில் ஸ்ட்ரௌஜர் என்பவர் தானியங்கி நிலையத்திற்கு 1891-இல் காப்புரிமை பெற்றார். அத்தகைய நிலையங்கள் பரவியபின், ஆள் சொன்னதை இயந்திரம் ஒலியால் உணர்த்த வேண்டியதாயிற்று.

ரிசீவரை எடுத்ததும் இடைவிடாது கேட்கும் ரீங்காரம், எண்ணை அழுத்தலாம் என்பதற்கு அறிகுறி. இரண்டு குறுகிய ஒலிகளும் அதன்பின் 2 விநாடி மௌனமும் மாறி மாறி வந்தால் அழைப்பு செல்கிறது என்று கொள்ளலாம். இவற்றில் குழப்பமில்லை.

குழப்பம் விளைவிப்பவை வேறு இரண்டு. முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி மௌனம் என நிதானமாக வருவது, எதிர்முனையின் லைன் காலியில்லை என்பதைக் குறிக்கும். சற்றுப் பொறுத்து அழைத்தல் நன்று. கால் விநாடிக்கொருமுறை விட்டுவிட்டுப் படபடவென்று வருவதோ வழியிலுள்ள நெரிசலின் அடையாளம். எதிர்முனையாளர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அதற்குப் பொருளன்று. உடனே மீண்டும் முயன்றாலும் கிடைக்கக்கூடும்.

இனி, முக்கியமான செய்தி. செம்புக் கம்பி இணைப்பில், கம்பி எங்கேனும் அறுந்திருந்தாலும் அழைப்பவருக்கு மணியோசை கேட்டுக்கொண்டேயிருக்கும். அங்கே மணி அடிப்பதில்லை. மழைநீர் புகுந்து இரு கம்பிகளும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டால், ரிசீவரை எடுத்துவிட்டதாகவே நிலையம் கருதும். அழைப்பவர்க்கெல்லாம் லைன் காலியில்லை என்னும் ஒலியே கேட்கும். ரிசீவரைச் சரியாக வைக்காமற் போனாலும் விளைவு இதுவே. ஆர்டர் கொடுக்க முயன்ற வியாபாரி பொறுமையிழந்து வேறிடம் சென்றுவிடுவார். சங்கத்தாருக்கோ அது தெரியவே வராது.

ஆதலால் சங்க எழுத்தர்கள் காலையில் அலுவலகம் திறந்தவுடன் ரிசீவரை எடுத்து ரீங்காரம் கேட்கிறதா என்று பார்ப்பது நலம். நெடுநேரம் மணியோசை மட்டுமே கேட்கும் அங்கத்தினர்கள், அவ்வழியே செல்வோர் மூலம் தகவல் சொல்லியனுப்பினால் பழுது விரைவில் வெளிப்படும்.

கண்ணாடி இழை இணைப்பு பெற்ற சங்கங்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பழைய இணைப்புக்கு நிலையத்து பாட்டரியே மின்சாரம் தந்தது. புதியதில் நம் சுவரிலுள்ள பெட்டிக்கு நம் மின்சாரமே வேண்டும். ஆகவே கரண்ட் போன நேரத்தில் ரீங்காரம் கேளாவிடில், லைன் பழுதென்று புகார் எழுதுமுன் பெட்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்க்கவும்.