அங்குலத்துக்கு என்ன விலை?

அண்மையில் டெக்சாஸில் உள்ள மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். மாப்பிள்ளை புதிதாக ஒரு பிக்-அப் டிரக் வாங்கியிருந்தார். வாங்கிய இரண்டாவது வாரமே அதன் உயரம் போதாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. வண்டியை மேலும் தூக்கி நிறுத்த உதவும் 'சஸ்பென்ஷன் லிஃப்ட் கிட்' விலைப்பட்டியல்கள் மூன்றை என் முன் வைத்து, "மாமா, நீங்கள் பொருளாதாரம் கற்பித்தவர். இவற்றில் எது கட்டுப்படியாகும் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

வாகனப் பொறியியல் என் துறையன்று. ஆயினும், ஒரு பொருளின் விலை வேறு, அதன் செலவு வேறு என்பதை வகுப்பறையில் பல்லாண்டு சொல்லி வந்தவன் என்ற முறையில், அந்தப் பட்டியல்களைப் படிக்கத் தொடங்கினேன்.

இவற்றில் எளியது 'லெவலிங் கிட்'. ஆலையிலிருந்து வரும்போது பிக்-அப் வண்டியின் முன்பக்கம் சற்றே தாழ்ந்திருக்கும். பின்பக்கத் தொட்டியில் பாரம் ஏற்றினால் வண்டி சமநிலைக்கு வரவேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. முன்பக்க ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு வளையத்தை வைத்து, ஏறத்தாழ 2 அங்குலம் உயர்த்தி, வெறும் வண்டியையே சமமாக நிற்கச் செய்கிறது இந்த கிட். சில நூறு டாலரில் முடிந்துவிடும். பாரம் ஏற்றினால் பின்பக்கம் தாழ்ந்து, முகப்பு விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் பாயும் என்பது விலைப்பட்டியலில் இல்லை.

அடுத்தது, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையுமே மாற்றி 2 அல்லது 3 அங்குலம் உயர்த்துவது. முறையாகச் செய்தால், பயணத்தின் தரம் குறையாமல் உயரம் பெற இதுவே நல்ல வழி. மூன்றாவது, 6 அங்குல கிட். இதற்கு முன்சக்கரங்களைத் தாங்கும் பாகங்களையே மாற்றியாக வேண்டும். இல்லையேல் சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகளின் கோணம் அதிகரித்து, இணைப்புகள் விரைவில் தேயும். செலவு ஆயிரக்கணக்கான டாலர்.

மாப்பிள்ளையின் கண் மூன்றாவதன் மீதே இருந்தது. பிக் பெண்ட் தேசியப் பூங்காவின் கரடுமுரடான பாதைகளில் வண்டியின் அடிப்புறம் பாறையில் இடிக்கக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். இங்குதான் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. லிஃப்ட் கிட் உயர்த்துவது வண்டியின் சட்டகத்தையும் உடலையும் மட்டுமே. பின்சக்கரங்களை இணைக்கும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சின் நடுவில் பருத்துத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான் பாறையில் முதலில் மோதக்கூடியது. அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால், கிடைப்பது 1 அங்குல உயரம்தான்.

பெரிய டயருக்கும் தனிக் கணக்கு உண்டு. 32 அங்குல டயருக்குப் பதில் 35 அங்குல டயரைப் பொருத்தினால், வேகமானி 60 மைல் காட்டும்போது வண்டி உண்மையில் 65 மைலுக்கு மேல் ஓடும். எரிபொருள் செலவு கூடும். பிரேக் பிடித்து நிறுத்தும் தூரமும் கூடும்.

கவிழும் அபாயத்தை அளக்க அமெரிக்க நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் ஓர் எளிய விகிதத்தைப் பயன்படுத்துகிறது. இடவலச் சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். பாதி அகலம் 34 அங்குலம், மையத்தின் உயரம் 28 அங்குலம் என்று கொண்டால் விகிதம் 1.21. மையம் 4 அங்குலம் உயர்ந்தால் அது 1.06 ஆகச் சரிகிறது. ஏற்றப்பட்ட உயரம் ஒவ்வொரு வளைவிலும் கணக்குக் கேட்கும்.

இவையெல்லாம் வண்டி உரிமையாளர் தாமே ஏற்கும் செலவுகள். அறிந்து ஏற்றால் அது அவர் விருப்பம். பொருளியலார் 'புறவிளைவு' என்று அழைக்கும் மற்றொரு செலவு உண்டு. அது வண்டியை வாங்காதவர்கள் தலையில் விழுவது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் ஏறத்தாழ 18,000 பாதசாரி விபத்துகளை ஆராய்ந்து, 2023-இல் முடிவுகளை வெளியிட்டது. முன்மூடியின் விளிம்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வாகனங்கள், 30 அங்குலமோ அதற்குக் குறைவாகவோ உள்ள சரிந்த முகப்பு வாகனங்களைவிட, மோதும் பாதசாரியைக் கொல்வதற்கான வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்பது அதன் சாரம். அந்நாட்டில் 2009-இல் சுமார் 4,100 ஆக இருந்த பாதசாரி மரணங்கள் 2022-இல் 7,500-ஐத் தாண்டின. இதற்குக் காரணங்கள் பல. வாகனங்களின் வடிவம் அவற்றுள் ஒன்று.

பொருளியலாளர் மிஷெல் வைட் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், இந்தப் போக்கை ஆயுதப் போட்டி என்றே குறிப்பிட்டார். பெரிய வாகனத்தில் இருப்போர் தவிர்க்கும் ஒவ்வோர் உயிரிழப்பு விபத்துக்கும் ஈடாக, பிறருக்குக் குறைந்தது 4.3 உயிரிழப்பு விபத்துகள் நேர்கின்றன என்பது அவர் கணக்கு. அண்டை வீட்டார் உயர்த்தினால் நாமும் உயர்த்துகிறோம். எல்லோரும் உயர்ந்தபின் யாருக்கும் கூடுதல் பார்வை கிடைப்பதில்லை. நடந்து செல்பவர் மட்டும் இருந்த உயரத்திலேயே இருக்கிறார்.

இந்தியாவில் இத்தகைய மாற்றங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடையாக நிற்கிறது. தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றமும் 2019-இல் உறுதிபடக் கூறியது. ஆனாலும், உயர்த்தப்பட்ட ஜீப்புகள் நம் சாலைகளிலும் கண்ணில் படத்தான் செய்கின்றன. அமெரிக்காவில் உயர வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது.

இவற்றையெல்லாம் மாப்பிள்ளையிடம் விளக்கினேன். மரியாதைக்காகத் தலையாட்டினார், மனம் மாறியதாகத் தெரியவில்லை. மறுநாள் மாலை வண்டியின் முன்மூடியை நாடாவால் அளந்தேன். எந்த கிட்டும் பொருத்தாத நிலையிலேயே 46 அங்குலம் இருந்தது. நான்கு வயதுப் பேத்தி ஓடிவந்து, "என்னையும் அளங்க தாத்தா" என்றாள். 40 அங்குலம் இருந்தாள். மாப்பிள்ளையை ஓட்டுநர் இருக்கையில் அமரச் சொல்லிவிட்டு, பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வண்டியின் முன்னால் நின்றேன்.

"பாப்பா எங்கே மாமா?" என்றார் உள்ளிருந்து.

நாங்கள் பின்னோக்கி ஒவ்வோர் அடியாக நடந்தோம். அவள் தலை அவர் கண்ணுக்குத் தட்டுப்பட்டபோது ஒன்பது அடி எண்ணியிருந்தேன். லெவலிங் கிட்டும் முன்பக்கத்தைத்தான் உயர்த்தும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மூன்று விலைப்பட்டியல்களையும் அவர் மடித்து வைத்துவிட்டார். பழைய அளவிலேயே, கரடுமுரடான பாதைக்கேற்ற டயர்கள் நான்கும், அடிப்புறத்தைக் காக்கும் இரும்புத் தகடு ஒன்றும் அந்த வாரம் வந்து சேர்ந்தன.