புழுவுக்கும் ஒரு மூலை



அசிசி நகர் புனித பிரான்சிஸ், தம் சகோதரர்கள் வாழ்ந்த மடத்தின் தோட்டத்தில் ஒரு பகுதியை மண்வெட்டி படாமல் விட்டுவைக்கச் சொன்னார். அங்கே காட்டுப் பூக்களும் பூண்டுகளும் தாமாக வளரட்டும் என்பது அவர் விருப்பம். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலின் 12-ஆம் எண்ணில் இந்தச் செய்தியை நினைவுபடுத்துகிறார். மடத்துத் தோட்டம் பெரியது, எங்களுக்கு இருப்பது சிப்காட் ஓரத்தில் கால் கிரவுண்டு நிலமும் இரண்டு தொட்டியும்தானே என்று நீங்கள் நினைக்கலாம். அந்த இரண்டு தொட்டியை வைத்துத்தான் இன்று பேசப்போகிறோம்.

பறவையும் பட்டாம்பூச்சியும் வரும்படி தோட்டம் போட ஆசை, அதற்கு என்னென்ன வாங்க வேண்டும், எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்பவர்கள் இப்போது பெருகிவிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைக் கொஞ்சம் பாருங்கள். இலையின் மேல் பறவை எச்சம் போல் ஒன்று ஒட்டியிருக்கிறதா? அது எச்சம் அல்ல, புழு. எச்சம் போலத் தோன்றுவதால் பறவை அதைக் கொத்தாமல் போய்விடுகிறது. சில நாளில் அதுவே பச்சை நிறமாகி, விரல் மொத்தத்துக்கு வளரும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரட்டைக் கொம்பு போல ஒன்றை நீட்டி, ஒரு கெட்ட வாடையை விடும். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் அது கறிவேப்பிலை அழகியாகவோ எலுமிச்சை அழகியாகவோ பறந்துபோகும்.

நாம் என்ன செய்கிறோம்? "ஐயோ, செடியில புழு" என்று மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். பட்டாம்பூச்சி வேண்டும் என்று பூச்செடி வாங்கி வைப்பதும் நாம்தான், அதன் பிள்ளைக்கு விஷம் வைப்பதும் நாம்தான். பூந்தேன் குடிக்க எந்தப் பூவும் போதும். முட்டையிட மட்டும் ஒவ்வொரு பட்டாம்பூச்சிக்கும் அதற்கென்று உள்ள செடி வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு வேண்டும். ரோஜா அழகிக்கு ஆடுதீண்டாப்பாளை வேண்டும். காலி மனையில் களை என்று நாம் வெட்டி எறிவது இவற்றைத்தான்.

சிட்டுக்குருவிக் கதையும் இதேதான். மார்ச் 20 வந்தால் சிட்டுக்குருவி தினம் என்று பள்ளிகளில் மரப்பெட்டி கொடுக்கிறார்கள். நல்ல காரியம். பெட்டியின் துளை 3 முதல் 4 செ.மீ. அகலம் இருக்கட்டும், அதற்கு மேல் போனால் மைனா புகுந்துவிடும். வெயில் நேராகப் படாத சுவரில், பூனைக்கு எட்டாத உயரத்தில், மின்விசிறி சுற்றாத இடமாகப் பார்த்து மாட்டுங்கள். ஆனால் ஒன்று. தானியம் தின்னும் குருவி, தன் குஞ்சுக்குத் தானியம் ஊட்டுவதில்லை. புழுவும் பூச்சியும்தான் ஊட்டுகிறது. செடிக்கு மருந்தடித்துவிட்டுச் சுவரில் பெட்டி மாட்டினால், வீட்டைக் கொடுத்துச் சோற்றைப் பிடுங்கியது போலத்தான்.

ஆகவே வாங்க வேண்டிய பட்டியல் மிகச் சிறியது. முதலில் ஒரு மண் தட்டு. குயவர் வீதியிலோ சந்தையிலோ கிடைக்கும் அகலமான, ஆழமில்லாத தட்டு. இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம். நடுவில் நாலைந்து கூழாங்கல் போடுங்கள், தேனீ உட்கார்ந்து குடிக்கும். கொசு முட்டை வளர்ந்து பறக்க ஒரு வாரம் போதும் என்பதால், இரண்டு நாளுக்கு ஒருமுறை தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு பார்க்க வரும் பணியாளர் கேட்டால் தைரியமாகக் காட்டலாம்.

அடுத்து ஒரு பூவாளி, ஒரு களைக்கொத்து, மண்புழு உரம். நம் பக்கத்தில் மண்ணை மட்டும் விசாரித்து வாங்குங்கள். மனை நிரப்ப ஆலைக் கசடு கலந்த மண்ணைக் கொட்டியிருந்தால் அதில் கீரை போடாதீர்கள். தொட்டியில் நல்ல வண்டல் மண் நிரப்பி வளருங்கள். ஆலைத் தூசி படியும் இலைகளை வாரம் ஒருமுறை தண்ணீர் தெளித்துக் கழுவுவது நல்லது. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்திருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த செய்தி. உப்புத் தண்ணீரில் ரோஜாவோடு போராடுவதைவிடப் பூவரசு, புங்கன், புன்னை, வேம்பு என்று தாங்கும் மரத்தை நடுவது புத்திசாலித்தனம். பூவரசின் பெரிய இலையைத் தைத்துக் கூடு கட்டத் தையல்சிட்டு வரலாம். புங்கம்பூவுக்குத் தேனீ தேடி வரும். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தின் வழியாக வனத்துறை நாற்றங்கால்களில் நாட்டு மரக்கன்றுகள் வளர்க்கப்படுகின்றன. கன்று வாங்க முதலில் அங்கே விசாரித்துப் பாருங்கள்.

இனி வாங்கக் கூடாதவை. எலி மருந்தை முதலில் சொல்வேன். மருந்து தின்ற எலி உடனே சாவதில்லை, தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் கூகையும் சாகிறது. பிறகு எலியைப் பிடிக்க யார் இருக்கிறார்கள்? எலிப்பொறி வையுங்கள், போதும். அடுத்தது நைலான் வலை. பழைய மீன்வலையைக் கீரைப் பாத்திக்கு வேலியாகக் கட்டுவது நம் கடலோர ஊர்களில் வழக்கம். செலவில்லாத வேலிதான், ஆனால் எலி பிடிக்க வரும் சாரைப்பாம்பு அதில் மாட்டி, உடல் அறுபட்டு வெயிலில் சாகும். வலைக்குப் பதில் நொச்சிக் குச்சிகளை நெருக்கமாக ஊன்றுங்கள். ஆடு மேயாது, பூத்தால் தேனீயும் வரும்.

மருந்து அடித்தே தீர வேண்டும் என்ற நிலை வந்தால் வேப்பங்கொட்டைச் சாறு போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, துணியில் முடிந்து இரவு முழுதும் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துக்கொள்ளுங்கள். தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் தெளியுங்கள். இயற்கை மருந்து என்பதற்காக அதைத் தாராளமாகவும் ஊற்றாதீர்கள். இலையைத் தின்னும் எந்தப் புழுவையும் அது விடாது. அழகியின் புழுவும் அதில் சேர்த்தி.

எந்தப் புழு எது என்று தெரிந்தால்தானே விட முடியும்? அதனால்தான் தெளிப்பான் வாங்கும் காசில் ஒரு புத்தகம் வாங்குங்கள் என்கிறேன். ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' க்ரியா வெளியீடு. படமும் தமிழ்ப் பெயரும் இருப்பதால் பிள்ளைகளே புரட்டிக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆங்கிலம் படிப்பவர்களுக்கு 1941-இல் முதலில் வந்து இன்றும் பதிப்பிக்கப்படும் சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் நூலும், ஐசக் கெஹிம்கரின் பட்டாம்பூச்சி நூலும் உண்டு. இரண்டும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வெளியீடுகள். படம் பார்த்து அடையாளம் காண்பதற்கு அப்பால், வாசிக்கும் சுகத்துக்காக ஒன்று வேண்டுமானால் மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. தியடோர் பாஸ்கரன் தொகுத்தது. வீட்டு வாசலில் காண்கிற உயிர்களைப் பற்றி இவ்வளவு நல்ல தமிழில் எழுதியவர்கள் குறைவு.

செடிகளுக்கு நம் சபையிலேயே ஒரு பெரியவர் இருந்தார். இயேசு சபை அருள்தந்தை கே. எம். மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவரத் தொகுப்பகத்தை உருவாக்கி, தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பல பெரிய தொகுதிகளாக எழுதி வைத்தவர். அந்த நூல்கள் வீட்டுக்கு வாங்கும் அளவல்ல. கல்லூரி நூலகத்தில் பார்க்கலாம். பங்கு நூலகங்கள் ஆளுக்கொரு கையேடாவது வாங்கி வைத்தால், மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் ஞாயிறு காலை ஆலய வளாகத்தையே சுற்றிப் பார்த்துப் பெயர் எழுதலாமே.

பழவேற்காட்டுக்குப் பூநாரை பார்க்க வண்டி பிடித்துப் போகிறோம். அந்த ஏரிக்கு அது வரும், நம் தொட்டிக்கு வராது. தொட்டிக்கு வருவது தேன்சிட்டும் தவிட்டுக்குருவியும் தட்டானும்தான். அவற்றுக்கு ஒரு மூலை விடுங்கள். காய்ந்த இலையும் இரண்டு செங்கல்லும் அங்கேயே கிடக்கட்டும். ஆனால் வாசற்படியை ஒட்டி வேண்டாம். நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் உள்ள ஊர் நமது, குழந்தைகள் விளையாடும் இடத்துக்குத் தள்ளியே இருக்கட்டும், இரவில் டார்ச் இல்லாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

அக்டோபர் 4 புனித பிரான்சிஸ் திருவிழா. அதை அடுத்து வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். கன்று நடுவதானால் திருவிழாவுக்கு முன்பே குழி வெட்டி, மக்கிய எருவைப் போட்டு ஆறவிடுங்கள். முதல் நல்ல மழை பெய்த மறுநாள் நட்டுவிட்டால் டிசம்பர் வரை தண்ணீர் ஊற்றும் வேலை பாதி குறையும்.