புரண்டது எது?

சோதோம், கொமோரா பெயர்களை பைபிளைத் தொடாதவர்கள்கூடக் கேட்டிருப்பார்கள். அவற்றோடு அழிந்த அத்மா, செபோயீம் என்ற இரண்டு பட்டணங்களை யாரும் நினைப்பதில்லை. உபாகமம் 29-ஆம் அதிகாரம் நான்கையும் ஒரே மூச்சில் சொல்கிறது: கந்தகமும் உப்பும் படிந்து, புல்லும் முளைக்காமல் கிடக்கும் மண். மறந்துபோன அந்த இரண்டு பெயர்களையும் ஓசியா தீர்க்கதரிசி மீண்டும் எடுக்கிறார். அவற்றைச் சொல்வது கடவுளின் வாய்.

ஓசியா கி.மு. 8-ஆம் நூற்றாண்டில், வடக்கு இஸ்ரவேலில் பேசியவர். இரண்டாம் யெரொபெயாம் ஆட்சியில் நாடு கொழித்தது. ஜனங்கள் பாகால் என்ற தெய்வத்திடம் போனார்கள்; அசீரியா நெருங்கிக்கொண்டிருந்தது. ஓசியாவின் மனைவி கோமேர் துரோகம் செய்தவள். பிறந்த பெண்ணுக்குக் கடவுள் சொல்லி வைத்த பெயர் லோருகாமா, இரக்கம் பெறாதவள். அடுத்துப் பிறந்த மகன் பெயருக்கு ‘என் ஜனம் அல்ல’ என்று பொருள். தெருவில் விளையாடும் பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட்டாலும் அந்தத் தீர்ப்புதான் வாயில் வரும். எபிரெயத்தில் இரக்கம் என்ற சொல்லும் கருப்பை என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை என்று தெரிந்தபின், அந்தச் சிறுமியின் பெயரை என்னால் சாதாரணமாக உச்சரிக்க முடிவதில்லை.

11-ஆம் அதிகாரத்தில் கடவுள் பெற்றவராகப் பேசுகிறார். தாயா தகப்பனா என்று சொல்லவில்லை. செய்வதெல்லாம் தாயின் வேலை. கைபிடித்து நடை பழக்கியது, குனிந்து ஊட்டியது. பிள்ளையான இஸ்ரவேலோ கூப்பிடக் கூப்பிட விலகிப் போகிறது. பட்டயம் வரும் என்கிறார். சொல்லி முடிக்குமுன்பே குரல் உடைகிறது. உன்னை எப்படி அத்மாவைப் போல, செபோயீமைப் போல ஆக்குவேன் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறார்.

அடுத்து வரும் வினைச்சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சோதோம் கவிழ்க்கப்பட்டதை ஆதியாகமம் 19 ‘ஹாபக்’, அதாவது தலைகீழாகப் புரட்டுதல், என்ற சொல்லால் சொல்கிறது. இங்கேயும் அதே சொல். ஆனால் புரள்வது பட்டணம் அல்ல, கடவுளின் இதயம். ஊரின் மேல் விழவேண்டிய அழிவு அவருக்குள்ளேயே விழுகிறது என்றுதான் நான் வாசிக்கிறேன். கோபத்தை நிறுத்த அவர் சொல்லும் காரணமும் வியப்பானது: தான் மனிதன் அல்ல, கடவுள். மனிதனாக இருந்திருந்தால் இந்நேரம் அடித்து முடித்திருப்பான்.

கோபக்காரக் கடவுள் வேறு, இயேசுவின் பிதா வேறு என்று கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் மார்சியன் என்ற கிறிஸ்தவப் போதகர் பிரித்துப் பார்த்தார். 144-இல் ரோமைத் திருச்சபை அவரை விலக்கியது. ஓசியா அந்த எளிய வழியை நமக்கு விட்டுவைக்கவில்லை. கோபமும் இரக்கமும் ஒரே வாயிலிருந்து வருகின்றன.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று பழமொழி சொல்லி நகர்வதும் எனக்கு ஒப்பவில்லை. அந்தப் பழமொழியைக் கேட்டுக்கொண்டே அடி வாங்கிய பெண்கள் ஏராளம். ஓசியா 2-ஆம் அதிகாரத்திலேயே துரோகம் செய்த மனைவியின் ஆடையை உரிவேன் என்ற மிரட்டல் இருக்கிறது. அதைப் பிரசங்க மேடையில் தாண்டிப் போவது நேர்மை அல்ல. 13-ஆம் அதிகாரத்தில் கடவுள் குட்டிகளைப் பறிகொடுத்த கரடியாகிறார். அதன் முடிவில் தலைநகர் சமாரியாவின் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் நேரப்போவதாகச் சொல்வதை நிதானமாக வாசிக்க முடியாது. புரண்ட இதயம் போரைத் தடுக்கவில்லை. கி.மு. 722 வாக்கில் சமாரியா அசீரியரிடம் விழுந்தது.

ஆனாலும் கரடி தாய்தான். குட்டி போனதால் வந்த கோபம் அது. அத்தனை சீற்றத்துக்குப் பிறகு 14-ஆம் அதிகாரத்தில் அவர் பனியாக இறங்குவேன் என்கிறார்.

அதைவிட எனக்கு நெருக்கமானது 2-ஆம் அதிகாரத்தின் தொடக்கம். அழிவு வருவதற்கு முன்பே, கோமேரின் பிள்ளைகளின் பெயர்களிலிருந்து ‘இல்லை’ என்று பொருள்படும் ‘லோ’ உதிர்ந்துவிடுகிறது. புதிய பெயர்களைப் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டுமாம். சகோதரனை ‘அம்மீ’, என் ஜனம். சகோதரியை ‘ருகாமா’, இரக்கம் பெற்றவள்.